நிதி இருப்புக்கு உட்பட்டு

மார்ச் முப்பத்தொன்று, இரவு எட்டரை.
கணக்குப் பிரிவில் மின்விசிறி மூன்று,
ஓடுவது ஒன்று.
சிக்கன நடவடிக்கை என்று சுற்றறிக்கை வந்த அன்றே
தில்ஷாத் அக்கா மற்ற இரண்டின் சுவிட்சிலும்
பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

அர்த்தநாரி வெளியே பெஞ்சில் இருக்கிறார்,
மதியம் மூன்றிலிருந்து.
ஏற்காடு சாலை, எட்டாவது கொண்டை ஊசி வளைவு,
மழையில் சரிந்த தாங்குசுவர்,
கருங்கல்லில் மறுகட்டுமானம், பதினெட்டு மீட்டர்.
அளவுப் புத்தகம் சரி. கையொப்பங்கள் சரி.
சுவரும் சரி, ஜனவரியிலிருந்து நிற்கிறது.
ஒதுக்கீடு மட்டும்
ஆடி முடித்த சாமி போல
மலையேறிவிட்டது.

சென்னையிலிருந்து போனில் ஒரு குரல்
வரி வரவு இறங்கிய கதையைச் சொல்கிறது.
எல்லா மாவட்டத்திலும் இதே கதைதானாம்.
அந்தக் குரல் சொல்லும் சதவீதம் எனக்குப் பிடிபடவில்லை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
சூரமங்கலம் பத்திர ஆபீசில் இப்போது
டோக்கன் இல்லாமலே உள்ளே போகலாம்.
ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி மூட்டைகள்
குடோன் கூரையை முட்டிக்கொண்டு விலைக்குக் காத்திருக்கின்றன.
இரும்பாலை கேட்டுக்கு எதிரே டீ போடுகிறவர்
பாலில் இரண்டு லிட்டர் குறைத்துவிட்டார்.
கல்யாணங்கள் நடக்கத்தான் நடக்கின்றன,
கொலுசின் எடைதான் குறைந்துவிட்டது.

பற்றாக்குறை.
நாளைக்கு நாற்பது முறை இதைத் தட்டச்சு செய்கிறேன்.
பற்று என்றால் எங்கள் பேரேட்டில் ஒரு பக்கம்.
செவ்வாய்ப்பேட்டையில் பற்றாசு என்றால்
வெள்ளியை வெள்ளியோடு சேர்த்துப் பிடிப்பது.
என் வீட்டுக்காரர் இருபதாம் தேதி வாக்கில்
'பத்தாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.
அதையே சொல்ல
சட்டமன்றத்தில் இரண்டரை மணி நேரம் ஆனது,
நடுநடுவே மேஜையைத் தட்டினார்கள்.

ஒன்பதரைக்கு அர்த்தநாரி உள்ளே வந்தார்.
'பணம் வேண்டாம் மேடம். இன்னைக்கு வேண்டாம்.
பில்லு வந்து சேந்துச்சுன்னு ஒரு சீல்.
லீ பஜார் சிமெண்ட் கடையில காட்டணும்.'
தவணைக்காரன் டிப்பரை லோடோடு ஓட்டிப்போய்விட்டானாம்.
'ஜல்லியை வட்டியில கழிச்சுக்குவானா?'
கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஊதா மையில் குத்தினேன்.
எண் 118. நிலுவை.
கீழே, வழக்கமான வரி:
நிதி இருப்புக்கு உட்பட்டு.
அவர் அதை ஊதி ஊதிக் காயவைத்து
சட்டைப் பையில் மடிக்காமல் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டுக்குத் திரை சாம்பல் நிறமானது.
ஒரு வருடம் முடிந்தது,
யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.

மே மாதம் கோடை விழாக் கணக்குக்கு
என்னை மேலே அனுப்பினார்கள்.
பூக்களுக்கு நிதி வந்திருந்தது.

ஏழாவது வளைவில் பஸ் மூச்சு வாங்க நின்றபோது
ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தேன்.
எட்டாவது வளைவின் சாலையைச் சுமந்துகொண்டு அந்தச் சுவர்.
கருங்கல்லில், வெள்ளைப் பெயிண்டில்,
ஆள் உயர எழுத்தில்:
பில் எண் 118
நிலுவை
நிதி இருப்புக்கு உட்பட்டு

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

கண்டக்டர் சத்தமாகப் படித்தார்.
பின்சீட்டில் யாரோ போட்டோ எடுத்தார்கள்.
'இருக்குமா, இருக்காதா?' என்றது ஒரு பெண் குரல்,
நிதியைக் கேட்டதா சுவரைக் கேட்டதா, தெரியவில்லை.
டிரைவர் ஒன்றாம் கியருக்கு மாற்றினார்.

பஸ்ஸில் ஐம்பத்தாறு பேர்.
என் எடை அறுபத்து மூன்று.
அந்தப் பதினெட்டு மீட்டர் முடியும்வரை
இரண்டு காலையும் தரையில் படாமல்
கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தேன்.